தொட்டி மாற்றிய பின் வாடும் செடியை மீட்டெடுக்கும் முறை

வீட்டுக்குள் வளரும் செடியை வேறு தொட்டிக்கு மாற்றிய சில நாட்களில் அதன் இலைகள் தொங்குவதும், அடியிலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து உதிர்வதும், புதுக் குருத்து வராமல் வளர்ச்சி நின்றுபோவதும் செடி வளர்ப்போர் பலரும் சந்திக்கும் நிலைதான். அந்த நேரத்தில் கை தானாகத் தண்ணீரை நோக்கிப் போகிறது. அதிலும் செடி தேறாவிட்டால் உரத்தையும், அதன் பின் இன்னொரு தொட்டியையும் மனம் தேடுகிறது. தொட்டி மாற்றத்தால் நேரடியாகச் சாகும் செடிகளைவிட, அதற்குப் பிறகு பதற்றத்தில் செய்யப்படும் உதவிகளால் சாகும் செடிகளே அதிகம் என்பது என் கணிப்பு. வாட்டம் இலையில் தெரிந்தாலும் குறை வேரில் இருக்கிறது. வேர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்வரை அதற்குக் காற்றும் அளவான ஈரமும் வெதுவெதுப்பும் கிடைக்கச் செய்துவிட்டு, மற்ற எல்லாவற்றிலிருந்தும் கையை விலக்கிக்கொள்வதே இங்கே நாம் செய்யவேண்டிய வேலையின் பெரும்பகுதி.

மண்ணுக்குள் நடந்திருப்பது என்ன?

செடி குடிக்கும் நீரில் பெரும்பங்கை உறிஞ்சுபவை கண்ணுக்குத் தெரியும் தடித்த வேர்கள் அல்ல. ஒவ்வொரு வேர் நுனிக்கும் சற்றுப் பின்னால், வேரின் மேல்தோல் செல்கள் தனித்தனியே நீண்டு உருவாகும் வேர்த்தூவிகள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. அவை ஒற்றைச் செல்லால் ஆனவை. மண் துகள்களோடு நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருப்பவை. பழைய தொட்டியிலிருந்து செடியை உருவி, மண்ணை உதறி, சுற்றிக் கிடந்த வேர்களைப் பிரித்துவிடும்போது, எவ்வளவு மென்மையாகச் செய்தாலும், இந்தத் தூவிகளில் பெரும்பாலானவை அறுந்துவிடுகின்றன. அறுந்த இடத்தில் அவை மறுபடி முளைப்பதும் இல்லை. வேர் நுனி வளர்ந்து முன்னேறும்போது அந்தப் புதிய பகுதியில்தான் புதிய தூவிகள் தோன்ற முடியும்.

இதற்கிடையே இலைகள் வழக்கம்போல நீரை ஆவியாக வெளியேற்றிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே வரும் நீர் குறைந்து, வெளியே போகும் நீர் குறையாதபோது செல்கள் விறைப்பை இழக்கின்றன; இலை தொங்குகிறது. செடி தன்னைக் காத்துக்கொள்ள இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. துளைகள் மூடினால் நீரிழப்பு குறையும் என்றாலும், கரியமில வாயு உள்ளே வருவதும் தடைபடுவதால் ஒளிச்சேர்க்கை மந்தமாகி, புதிய வேர் வளர்க்கத் தேவையான சர்க்கரையின் உற்பத்தியும் குறைகிறது. தொட்டி மாற்றிய அதிர்ச்சி என்று நாம் சொல்வது இந்தச் சிக்கலைத்தான். கீழே சொல்லப்படும் ஒவ்வொரு செயலும், வரும் நீருக்கும் போகும் நீருக்கும் இடையிலான இந்த இடைவெளியைக் குறைப்பதற்காகவோ, புதிய வேர் வர வழிவிடுவதற்காகவோ செய்யப்படுவதே.

முதலில் வாட்டத்தின் வகையை அறியுங்கள்

ஈரம் போதாமல் வாடும் செடியும், ஈரம் மிகுந்து வேர் மூச்சுத்திணறி வாடும் செடியும் மேலே பார்ப்பதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் இலை தொங்கும், இரண்டிலும் இலை மஞ்சளாகும். ஆனால் ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு நஞ்சு. ஆகவே மண்ணைச் சோதித்துப் பார்க்கும்வரை எதையும் ஊற்றக்கூடாது.

விரலை மண்ணில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நுழைத்துப் பார்ப்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் அது மேல்மண்ணின் நிலையை மட்டுமே சொல்லும். புதிதாக மாற்றிய தொட்டியில் மேல்மண் உலர்ந்தும் அடிமண் சொதசொதவென்றும் இருப்பது மிகவும் வழக்கம். மெல்லிய மரக்குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை மெதுவாகச் செருகி, பத்து நிமிடம் விட்டு உருவிப் பாருங்கள். குச்சி எந்த ஆழத்திலிருந்து நிறம் மாறி ஈரமாக இருக்கிறது என்பது அடிமண்ணின் நிலையைக் காட்டிவிடும். குச்சியைப் புதுமண்ணில் ஒருமுறையும், பழைய வேர்ப்பந்துக்குள், அதாவது வேர்களும் அவற்றோடு ஒட்டிவந்த பழைய மண்ணும் சேர்ந்த உருண்டைக்குள், ஒருமுறையும் செருகவேண்டும். இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று எண்ணிக்கொள்வது தவறு. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். தொட்டியைத் தூக்கி எடையைப் பழகிக்கொள்வதும் பயன் தரும். தண்ணீர் ஊற்றி வடிந்த பின் உள்ள எடை கைக்குப் பழகிவிட்டால், அடுத்தடுத்த வாரங்களில் குச்சி தேவைப்படாது.

வாட்டம் எப்போது தொடங்கியது, எந்த நேரத்தில் மிகுகிறது என்பதையும் கவனியுங்கள். மாற்றிய ஓரிரு நாளில் தொடங்கி, பகலில் தொங்கி, இரவு கழிந்து காலையில் ஓரளவு நிமிர்ந்து நிற்கும் செடிக்கு வந்திருப்பது பெரும்பாலும் சாதாரண அதிர்ச்சி. அதன் வேர்கள் இன்னும் இயங்குகின்றன. மண் ஈரமாக இருந்தும் காலையிலும் நிமிராமல், நாளுக்கு நாள் தளர்ந்து, தண்டின் அடிப்பகுதி மென்மையாகிக்கொண்டே போனால் அழுகலைச் சந்தேகிக்கவேண்டும். இலை நுனிகளும் ஓரங்களும் மட்டும் பழுப்பேறிக் கருகி, தண்டும் வேரும் உறுதியாக இருந்தால், கலவையில் உப்பு மிகுந்திருக்கலாம், அல்லது சுற்றுப்புறக் காற்று மிக வறண்டிருக்கலாம்.

இவற்றோடு இன்னும் இரண்டைப் பார்த்துவிடுங்கள். செடி பழைய தொட்டியில் எந்த மட்டத்தில் மண்ணுக்கு மேலே நின்றதோ அதே மட்டத்தில்தான் இப்போதும் நிற்கிறதா? தண்டின் அடியோ, இலைகள் கிளம்பும் மையமோ மண்ணுக்குள் புதைந்திருந்தால் அந்த இடம் அழுகத் தொடங்கும். மேல்மண்ணை வழித்தெடுத்துப் பழைய மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். அடுத்து, செடி தொட்டிக்குள் ஆடுகிறதா? தொடும்போதெல்லாம் ஆடும் செடியின் புதுவேர்கள் நுனியிலேயே அறுந்துகொண்டிருக்கும். வேர்ப்பந்தைத் தவிர்த்து ஓரமாக ஒரு குச்சியை ஊன்றி, தளர்வாகக் கட்டிவிட்டால் போதும்.

வேர்ப்பந்து உலர்ந்திருந்தால்

பழைய மண்ணும் புதிய கலவையும் ஒரே தன்மை உடையவையாக இருப்பது அரிது. பீட் பாசி (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) கலந்த பழைய மண் ஒருமுறை முழுதாகக் காய்ந்துவிட்டால் நீரை ஏற்க மறுக்கும். மேலே ஊற்றும் தண்ணீர், எளிதில் நனையும் புதுக்கலவை வழியாகவே இறங்கி அடித்துளையில் வந்துவிடும். நடுவில் இருக்கும் வேர்ப்பந்து காய்ந்தபடியே கிடக்கும். நாள்தோறும் ஊற்றியும் செடி வாடுகிறது என்று பலர் சொல்வதன் பின்னணி பெரும்பாலும் இதுவே.

இதற்கு மேலிருந்து ஊற்றுவதைவிட அடியிலிருந்து ஊறவைப்பதே சரியான வழி. அறை வெப்பத்தில் உள்ள நீரை அகன்ற பாத்திரத்தில் எடுத்து, தொட்டியின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கு மூழ்கும்படி வைத்து, குமிழிகள் வருவது நிற்கும்வரை, சுமார் அரை மணி நேரம், விடுங்கள். ஊறவைக்கும் முன் மெல்லிய குச்சியால் வேர்ப்பந்தில் மூன்று நான்கு இடங்களில் துளையிட்டால் நீர் உள்ளே போக வழி கிடைக்கும். பிறகு வெளியே எடுத்து, நீர் முழுதும் வடிந்தபின் மட்டுமே பழைய இடத்தில் வையுங்கள். இவ்வாறு ஒருமுறை ஊறிய வேர்ப்பந்து, அடுத்துவரும் சில வாரங்களுக்கு மறுபடி முழுதாகக் காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதுவேர்கள் சுற்றியுள்ள கலவைக்குள் நுழையாத வரை, செடி அந்தப் பழைய பந்தில் உள்ள நீரை நம்பித்தான் வாழ்கிறது.

பிளாஸ்டிக் தொட்டியிலிருந்து மண்தொட்டிக்கு மாற்றியவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ளவேண்டும். சுட்ட மண் தன் சுவர் வழியாகவும் ஈரத்தை வெளியேற்றும். நனைக்காத புதிய மண்தொட்டியானால் முதல் நாட்களில் கலவையின் நீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். பழைய இடைவெளியிலேயே தண்ணீர் விட்டால் அது போதாது.

மண் ஈரமாக இருந்தும் வாடினால்

இதுதான் மிகுதியாக நேர்வது, இதில்தான் மிகுதியான செடிகள் போகின்றன. எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும்.

வேரும் சுவாசிக்கிறது. மண் துகள்களுக்கு இடையில் உள்ள காற்றிலிருந்து உயிர்வளியை எடுத்துக்கொண்டுதான் அது நீரையும் ஊட்டங்களையும் உறிஞ்சும் வலிமையைப் பெறுகிறது. அந்த இடைவெளிகள் நாள்கணக்கில் நீரால் நிரம்பியிருந்தால் வேர் செயலிழக்கிறது. தண்ணீருக்குள்ளேயே நின்றபடி செடி தாகத்தால் வாடுகிறது. அடுத்த கட்டமாக, காற்றில்லா ஈரத்தில் செழிக்கும் பித்தியம், ஃபைட்டாப்தொரா போன்ற நுண்ணுயிர்கள் வலுவிழந்த வேர்களைத் தாக்கி அழுகலைத் தொடங்கிவைக்கின்றன. தொட்டி மாற்றும்போது அறுந்த வேர்களின் காயங்கள் அவற்றுக்குத் திறந்த வாசலாகிவிடுகின்றன.

தொட்டி ஏன் இவ்வளவு நாள் ஈரமாகவே இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் தீர்வும் புரியும். அடித்துளை வழியாக நீர் வடிவது நின்ற பிறகும், தொட்டியின் அடியில் சில சென்டிமீட்டர் உயரத்துக்குக் கலவை முழுதாக நனைந்தபடியே இருக்கும். கலவையின் நுண்ணிய இடைவெளிகள் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்வதால் உருவாகும் அடுக்கு இது. இதன் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துகள் அளவே தவிர, தொட்டியின் அகலம் அல்ல. ஆகவே தொட்டி அகலமாக ஆக, அடியில் தேங்கும் நீரின் மொத்த அளவும் கூடுகிறது. அதைக் குடிக்க வேண்டிய வேரோ அந்தப் பெரிய தொட்டியின் நடுவில் சிறிய பந்தாக நிற்கிறது. பழைய தொட்டியைவிட விட்டத்தில் இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் மட்டுமே பெரிய தொட்டியைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம் இதுவே.

அடியில் சரளைக் கற்களைப் போட்டால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது; அது உண்மைக்கு நேர்மாறானது. நுண்ணிய கலவையிலிருந்து பெரிய இடைவெளிகள் கொண்ட சரளைக்குள் நீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள கலவை முழுதாக நனைந்த பிறகே இறங்கும். அதனால் ஈர அடுக்கு மறைவதில்லை. சரளையின் உயரத்துக்கு அது மேலே தள்ளப்பட்டு, வேருக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடுகிறது.

மண் ஈரமாக இருந்து, ஆனால் அழுகல் வாடை எதுவும் இல்லாமல் இருந்தால், செடியைத் தொட்டியிலிருந்து எடுக்காமலே முயன்று பார்க்கலாம். அலங்கார வெளித்தொட்டியில் வைத்திருந்தால் முதலில் அதிலிருந்து வெளியே எடுங்கள். அதன் அடியில் தேங்கிய நீரை நாம் கவனிப்பதே இல்லை. தட்டில் நிற்கும் நீரையும் கொட்டுங்கள். பிறகு தொட்டியைச் சில மணி நேரம் ஒருபக்கமாகச் சாய்த்து வையுங்கள். சாய்க்கும்போது மண்ணின் உயரம் கூடி, அடிமூலைக்குள் அடங்கும் ஈர அடுக்கின் அளவு குறைவதால், நேராக நிற்கும்போது வடியாத நீர் கணிசமாக வெளியேறும். அதன் பின் தொட்டியைச் செய்தித்தாள் அடுக்கின் மேலோ பழைய துண்டின் மேலோ வைத்தால், துளை வழியாக இன்னும் கொஞ்சம் ஈரம் உறிஞ்சப்படும். மேல்மண்ணிலும் ஓரங்களிலும் குச்சியால் துளைகள் இட்டுக் காற்றுக்கு வழிவிடுங்கள். அடிவரை செருகிய குச்சி ஏறக்குறைய உலர்ந்து வரும்வரை ஒரு துளியும் ஊற்றவேண்டாம். அதற்குப் பத்து நாட்கள் ஆனாலும் பொறுத்திருங்கள்.

எப்போது மறுபடி தோண்டி எடுக்கலாம்?

ஒருமுறை கலைத்த வேரை இரண்டாம் முறை கலைப்பது செடிக்குப் பெரும் சுமை. முதல் முறையில் தப்பிய வேர்த்தூவிகளையும், அதன் பின் முளைத்த புதுநுனிகளையும் அது அழித்துவிடும். இருந்தாலும் சில நிலைகளில் அதைச் செய்தே ஆகவேண்டும். மண்ணிலிருந்து புளித்த அல்லது அழுகிய வாடை வருதல், தண்டின் அடி மென்மையாதல், தொட்டியில் வடிகால் துளையே இல்லாமை, தோட்டத்துக் களிமண்ணை அப்படியே நிரப்பியிருத்தல், தொட்டி மிகப் பெரியதாகி இரண்டு வாரம் கடந்தும் அடிமண் உலராமை ஆகியவை அத்தகையவை. இவற்றில் எதுவும் இல்லையென்றால், எவ்வளவு கவலையாக இருந்தாலும், வேரைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆவலை அடக்கிக்கொள்ளுங்கள்.

வெளியே எடுத்தபின் வேர்களைக் கையால் தடவிப் பாருங்கள். நல்ல வேர் வெண்மையாகவோ இளம்பழுப்பாகவோ, அழுத்தினால் உறுதியாக இருக்கும். சில செடிகளின் வேர் இயல்பாகவே மஞ்சளாகவோ கருமையாகவோ இருக்கும் என்பதால் நிறத்தைவிட உறுதியையே நம்புங்கள். அழுகிய வேரை இரு விரலுக்கிடையில் பிடித்து இழுத்தால் மேலுறை வழுக்கிக் கழன்று, நடுவில் நூல் போன்ற நரம்பு மட்டும் கையில் தங்கும். 70 விழுக்காடு ஆல்கஹாலில் துடைத்த கத்தரியால், உறுதியான திசு தெரியும் இடம்வரை அவற்றை வெட்டி நீக்குங்கள். அழுகிய பகுதியை வெட்டியபின் ஒவ்வொரு முறையும் கத்தரியை மறுபடி துடைப்பது நல்லது. பழைய ஈரமண்ணைத் திரும்பப் பயன்படுத்தாமல் எறிந்துவிடுங்கள்.

மிஞ்சிய வேரின் அளவைப் பார்த்துத்தான் புதிய தொட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதி வேர் போயிருந்தால் முன்பைவிடச் சிறிய தொட்டி தேவைப்படும். செடி உயரமாக இருக்கிறதே என்று பெரிய தொட்டியை நாடக்கூடாது. தென்னை நார்த்துகளோடு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெர்லைட் (வெப்பத்தால் பொரிந்த எரிமலைக் கல்லின் எடை குறைந்த வெண்துகள்) அல்லது சிறு மரப்பட்டைத் துண்டுகள் கலந்த காற்றோட்டமான கலவை இந்த நிலையில் உள்ள பெரும்பாலான இலைச்செடிகளுக்குப் பொருந்தும். நார்த்துகள் கழுவப்படாததாக இருந்தால் அதில் உப்பு மிகுந்திருக்கக்கூடும் என்பதால், நல்ல நீரில் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்துங்கள். நட்டபின் விரலால் இறுக்கி அழுத்தாமல், தொட்டியை இரண்டு முறை மெல்லத் தட்டி, ஒருமுறை நிதானமாக நீர் விட்டால் கலவை தானே வேர்களைச் சுற்றிப் படிந்துகொள்ளும்.

ஒளியும் காற்றும் வெப்பமும்

வாடிய செடியை இருண்ட மூலையில் ஓய்வெடுக்க விடுவது பலரும் சொல்லும் ஆலோசனை. நான் அதை ஏற்பதில்லை. புதிய வேரைக் கட்டுவதற்கான சர்க்கரை ஒளியிலிருந்துதான் வருகிறது. இருட்டில் வைத்த செடி தன் சேமிப்பைத் தின்றே நாட்களைக் கடத்த வேண்டியிருக்கும். நேரடி வெயில் படாத, ஆனால் நன்கு வெளிச்சமான இடமே தேவை. வெயிலை விரும்பும் செடியாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரங்களுக்கு நேரடி வெயிலைத் தவிர்த்து, பிறகு படிப்படியாகப் பழக்குங்கள். ஒருமுறை இடம் தேர்ந்தெடுத்தபின் அதை நாளுக்கு ஒருமுறை மாற்றாதீர்கள்.

மெல்லிய இலை கொண்ட செடிகளுக்குச் சுற்றுக்காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டுவது உடனடி நிவாரணம் தரும், ஏனெனில் இலை இழக்கும் நீர் அதனால் நேரடியாகக் குறைகிறது. செடியைச் சுற்றி மூன்று நான்கு குச்சிகளை ஊன்றி, இலைகளைத் தொடாதபடி ஒளிபுகும் பிளாஸ்டிக் பையால் மூடலாம். மூடிய செடி மேல் வெயில் படக்கூடாது. பட்டால் உள்ளே வெப்பம் ஏறி இலைகள் வெந்துவிடும். நாள்தோறும் கால் மணி நேரம் திறந்து காற்று மாற்றவேண்டும். செடி தேறியதும் பையை ஒரேயடியாக எடுத்துவிடாமல், ஒரு வார காலத்தில் திறந்திருக்கும் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். இலைகளில் நீர் தெளிப்பதன் பயன் சில நிமிடங்களில் ஆவியாகிவிடுவதால், அதை இதற்கு ஈடாகக் கொள்ளமுடியாது. கள்ளி, கற்றாழை போன்ற சதைப்பற்றுச் செடிகளை ஒருபோதும் இப்படி மூடாதீர்கள்.

வெப்ப மண்டலத்திலிருந்து வந்த வீட்டுச் செடிகளின் வேர் 20 முதல் 27 பாகை செல்சியஸ் வரையிலான வெதுவெதுப்பில் நன்றாக வளரும். 15 பாகைக்குக் கீழே அது ஏறக்குறைய நின்றுவிடும். குளிர்ந்த தரையில் நேரடியாக வைத்த தொட்டியைச் சிறு பலகையின் மேல் ஏற்றுவதும், குளிர்சாதனக் காற்றும் மின்விசிறிக் காற்றும் நேராகப் படாத இடத்துக்குத் தள்ளுவதும் சிறிய செயல்கள். ஆனால் அவற்றின் பலன் பெரியது.

இலைகளை வெட்டலாமா?

வேர் குறைந்துவிட்டது, ஆகவே இலையையும் அதே அளவு குறைக்கவேண்டும் என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் புதுவேரைத் தூண்டும் ஆக்சின் என்னும் வளரூக்கி இளந்தளிர்களிலும் கிளைநுனிகளிலும்தான் உருவாகிறது. சர்க்கரையும் இலையிலிருந்தே வேருக்குப் போகிறது. பச்சையாக இருக்கும் இலைகளைச் சகட்டுமேனிக்கு வெட்டினால் மீட்சி தாமதப்படும். முழுதும் காய்ந்த இலைகளையும், கூழாகிப்போன பகுதிகளையும் நீக்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாதி மஞ்சளான அடியிலையைக்கூட அது தானே உதிரும்வரை விடலாம், ஏனெனில் அதிலுள்ள தழைச்சத்தைச் செடி திரும்ப இழுத்து இளம் பகுதிகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பூக்களும் மொட்டுகளும் இதற்கு விலக்கு. அவை செடியின் சேமிப்பைச் செலவழிப்பவை என்பதால், மனம் ஒப்பாவிட்டாலும் கிள்ளி எடுத்துவிடுங்கள். வேரில் பாதிக்கு மேல் அழுகலால் வெட்ட நேர்ந்த செடிக்கு மட்டும், அடியிலுள்ள முதிர்ந்த இலைகளில் சிலவற்றைக் குறைப்பது பொருத்தமாக இருக்கும்.

கொடுக்கக்கூடாதவை

உரம் வேண்டாம். அடிபட்ட வேரைச் சூழ்ந்த நீரில் உப்புகளின் செறிவு கூடினால், வேருக்குள் நீர் நுழைவது இன்னும் கடினமாகும்; செறிவு மிகுந்துவிட்டால் வேரிலிருந்தே நீர் வெளியே இழுக்கப்பட்டு நுனிகள் கருகும். கடைகளில் கிடைக்கும் தொட்டிக் கலவைகள் பலவற்றில் ஏற்கெனவே உரம் கலந்தே இருக்கிறது. முழுதாக மக்காத எருவைக் கலந்திருந்தால் அதிலிருந்து வெளியாகும் அம்மோனியாவும் வெப்பமும் வேரைச் சுடும். உறுதியான வேர், வெந்த இலைநுனி, மண்ணின் மேல் வெண்படலம் என்ற மூன்றும் சேர்ந்து தெரிந்தால், தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்கு நீரை மெதுவாக ஊற்றி உப்பைக் கழுவி வெளியேற்றி, நன்றாக வடியவிடுங்கள். இதை நல்ல வடிகால் உள்ள தொட்டியில் மட்டுமே செய்யவேண்டும்.

வைட்டமின் பி1 கலந்த திரவங்கள் தொட்டி மாற்றிய அதிர்ச்சியைப் போக்கும் என்று விற்கப்படுகின்றன. செடிகள் அந்த வைட்டமினைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன. மண்ணில் ஊற்றுவதால் வேர் விரைந்து வளர்வதில்லை. சர்க்கரைத் தண்ணீர் வேருக்குப் போகாமல் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்கே உணவாகி அழுகலை விரைவுபடுத்தும். எப்சம் உப்பு, மக்னீசியம் குறைவு உறுதியாகத் தெரிந்தாலன்றி, இன்னொரு உப்புச் சுமைதான்.

செடிக்கேற்ற வேறுபாடுகள்

பீஸ் லில்லி சிறு நீர்க்குறைவுக்கே முழுதாகச் சாய்ந்துவிடும். வேர்ப்பந்து நனைந்ததும் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். அதன் தோற்றத்தைக் கண்டு பெரிய முடிவுகள் எடுக்கவேண்டாம். ஃபைக்கஸ் வகைகள், குறிப்பாக ஃபைக்கஸ் பெஞ்சமினா, இடமோ ஒளியோ மாறினாலே இலைகளைக் கொட்டும். மொட்டையாகிவிட்டது என்று எறியும் முன் கிளையின் பட்டையை நகத்தால் சிறிது சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் அது துளிர்க்கும். கலாத்தியா, பெரணி போன்றவற்றுக்கு மேலே சொன்ன பை மூடாக்கு ஏறக்குறைய கட்டாயம். ஸ்நேக் பிளான்ட், இசட்இசட் செடி ஆகியவை தடித்த கிழங்குத் தண்டில் நீரைச் சேமித்து வைத்திருப்பதால், மாற்றிய பின் ஒரு வாரம் நீரே விடாமல் இருந்தாலும் தாங்கும். நீர் விட்டுத்தான் அவற்றைக் கெடுக்கிறோம். சதைப்பற்றுச் செடிகளின் வெட்டுக்காயங்கள் காய்ந்து தோல் கட்டும்வரை சில நாட்கள் நிழலில் வெறுமனே வைத்திருந்து, உலர்ந்த கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்து முதல் நீர் விடுவது பாதுகாப்பானது. ஃபலனாப்சிஸ் ஆர்க்கிட்டின் வேர் தன் நிலையைத் தானே காட்டும்: வெள்ளிச் சாம்பல் நிறமானால் நீர் வேண்டும், பச்சையாக இருந்தால் போதுமான ஈரம் இருக்கிறது. அதற்குப் பயன்படுத்தும் புதிய மரப்பட்டை முதலில் நீரை அவ்வளவாகப் பிடிக்காது என்பதால், நடுவதற்கு முன் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும்.

எவ்வளவு காலம் காத்திருப்பது?

மென்தண்டுச் செடிகள் சாதாரண அதிர்ச்சியிலிருந்து ஒன்றிரண்டு வாரங்களில் மீளும். வேர் கணிசமாக இழந்தவை நான்கு முதல் எட்டு வாரம் வரை அப்படியே நிற்கலாம். மரத்தண்டு கொண்ட பெரிய செடிகளுக்குச் சில மாதங்கள்கூட ஆகலாம். பழுப்பேறிய இலை மறுபடி பச்சையாகாது. ஆகவே பழைய இலைகளைப் பார்த்துச் செடியை மதிப்பிடாமல், குருத்தையும் கிளைநுனியையும் பாருங்கள். காலையில் இலை நுனிகளில் சிறு நீர்த்துளிகள் அரும்பியிருந்தால், வேர் நீரை மேலே தள்ளத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது நல்ல அறிகுறி. தண்டை மிக மெதுவாக மேல்நோக்கி இழுக்கும்போது மண் பிடித்து நிறுத்துவதும் அதே செய்தியைச் சொல்லும். முன்பு பத்து நாளில் உலர்ந்த தொட்டி இப்போது ஐந்தாறு நாளில் உலர்கிறது என்றால், வேர் குடிக்கத் தொடங்கிவிட்டது; நீர் விடும் இடைவெளியை அதற்கேற்ப நெருக்கிக்கொள்ளுங்கள்.

இந்தக் காத்திருப்புக் காலத்திலேயே, செடி பிழைக்குமா என்ற ஐயம் வலுவாக இருந்தால், காப்பாக ஒரு துண்டை எடுத்து வைத்துவிடுவது அறிவுடைமை. மணிபிளான்ட், மான்ஸ்டெரா, பிலோடென்ட்ரான் போன்றவற்றில் ஒரு கணுவாவது உள்ள உறுதியான தண்டுத் துண்டை வெட்டி, கணு மூழ்கும்படி நீரில் வைத்தால் வேர்விடும். கணு இல்லாத வெறும் இலையால் புதுச் செடி வராது. ஸ்நேக் பிளான்ட்டின் இலைத்துண்டு, அதன் வெட்டுமுகம் காய்ந்தபின் நட்டால், தாமதமாக என்றாலும் புதுக்கன்று தரும். தாய்ச்செடியின் அழுகல் தண்டில் ஏறிவரும்போது இதைத் தள்ளிப்போடக்கூடாது. வெட்டுமுகத்தில் பழுப்பு வளையமோ கறையோ தெரியாத உயரம்வரை மேலே போய், அங்கேதான் வெட்டவேண்டும்.

குருத்து விரிந்து, இரண்டாவது புதிய இலையும் தலைகாட்டிய பிறகு உரத்தைத் தொடங்கலாம். தொட்டி மாற்றியதிலிருந்து குறைந்தது ஆறு வாரங்களாவது கடந்திருக்க வேண்டும். திரவ உரத்தை உறையில் குறிப்பிட்ட அளவில் கால் பங்காகக் கரைத்து, முன்பே ஈரமாக உள்ள மண்ணில் மட்டும் ஊற்றுங்கள். உலர்ந்த மண்ணில் ஊற்றினால் வேர் நேரடியாக உப்பைச் சந்திக்க நேரிடும். அடுத்த மாதம் அரைப்பங்கு, அதற்குப் பின் செடி சீராக வளர்ந்தால் மட்டும் வழக்கமான அளவு என்று கூட்டிச் செல்லுங்கள். அடித்துளை வழியாக வேர் எட்டிப்பார்க்கும் வரையோ, ஊற்றிய நீர் ஓரிரு நாளிலேயே தீர்ந்துபோகும் வரையோ, இந்தச் செடிக்கு இன்னொரு தொட்டி மாற்றம் தேவைப்படாது.